முழுப் பேர்

கண்டி ஆஸ்பத்திரியில், கண் பகுதியில், மேசைக்குப் பின்னால் இருந்த சிங்களப் பெண் கஷ்டப்பட்டுத் தமிழில் கேட்டாள்: “அம்மா, முழுப் பேர் சொல்லுங்க.”

என் அம்மா நிமிர்ந்து நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“எப்பவும் முழுப் பேருதாம்மா. ஒருநாளும் அரைப் பேரு வாங்குனவ இல்ல நான்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற, பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் அம்மா என்ன சொன்னாள் என்பது விளங்கியிருக்கும்.

தோட்டத்தில் பேர் என்றால் நம்மைக் கூப்பிடும் பெயர் அல்ல. ஒருநாள் வேலைக்குப் பேர் என்று பெயர். அன்றைக்குக் கேட்ட நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் முழுப் பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். வேலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. நெடுநாள் வராமல் இருந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் உயிரோடு இருந்தாலும் தோட்டத்துக்கு இல்லாத ஆள்தான்.

எனக்கும் தினம் ஒரு பேர் உண்டு. நான் கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கும் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம், சுழலும் கதிரை, தலைக்கு மேல் காற்றாடி. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் மாலையில் போன் எடுத்து அவள் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்குப் பேரு போட்டாங்களா?” நானும் விட்டுக்கொடுக்காமல், “போட்டாங்கம்மா, முழுப் பேரு” என்பேன். அதோடு அவளுக்குத் திருப்தி. பெரும்பாலான நாட்களில், கச்சேரிக்கு வெளியே நான் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு போனில் மட்டும்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு காஸ் அடுப்பு. ஒருத்திக்குச் சமைப்பது போல அலுப்பான காரியம் வேறொன்றும் இல்லை. இன்றைய பருப்பை நாளையும் சூடாக்கித் தின்பேன். கலியாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்காக வைத்திருந்த பதில்களெல்லாம் தீர்ந்துபோய், இப்போது சும்மா சிரித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கட்டிலில் கிடப்பேன். பேசுவது யாராக இருந்தாலும் சரி, மனுஷக் குரல் கேட்டால் போதும் என்றிருக்கும்.

அதனால், அம்மாவின் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நான் கவலைப்பட்டதைவிடச் சந்தோஷப்பட்டதுதான் அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு குனியக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, வெயிலும் தூசியும் ஆகாது. குனியாமல், சுமக்காமல், வெயில் படாமல் கொழுந்து பறிக்கிற மலை எந்தத் தோட்டத்திலும் இல்லை. அம்மா இனி எங்கள் தோட்டம் இருக்கிற புசல்லாவைக்குத் திரும்ப வேண்டியதில்லை, என்னோடு இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அவள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வீட்டில் யாராவது ஒருவருக்குத் தோட்டத்தில் பேர் இருக்கும்வரைதான் காம்பராவில் இருக்கலாம். அப்பா காலமாகிவிட்டார். நான் ஒரே பிள்ளை, படித்துவிட்டு வெளியேறிவிட்டேன். ஆக, அந்தக் காம்பராவுக்கு அம்மாவின் பேர்தான் தூண். வேலையிலிருந்து நிற்கிற வயது தாண்டிய பிறகும் தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டு, கெஞ்சி, கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கண்ணில் கட்டோடு அவளைக் கட்டுகஸ்தோட்டைக்கு அழைத்து வந்தேன். வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றார். விதவை. அறுபது தாண்டியவர். ஒரு மகன் கத்தாரில், மற்றவன் கொழும்புப் பக்கம் தெஹிவளையில். அந்தப் பெரிய வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிடுகிறபடியே நானும், “தாத்தா, அம்மா வந்துட்டாங்க” என்றேன்.

அம்மா ஒற்றைக் கண்ணால் சுற்றும்முற்றும் பார்த்தாள். தாத்தா எவரும் தென்படவில்லை.

“யாரடி தாத்தாங்கிற?” என்று என் காதில் கேட்டாள்.

“இவங்கதாம்மா.”

“பொம்பளையப் போயி தாத்தாங்கிற! கச்சேரியில இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?”

அக்காவைத் தாத்தா என்பது முஸ்லிம் வழக்கம் என்று விளக்கினேன். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு அப்பா என்று அர்த்தம் என்பதையும் சொல்லியிருந்தால் அம்மா ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிருப்பாள். தாத்தாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு இரண்டு பேரும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் கச்சேரியிலிருந்து வந்து பார்த்தால் மேல்மாடி பூட்டிக் கிடக்கும். இருவரும் கீழே கூடத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீயோடு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் ஒரு கோப்பை காத்திருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வருவதற்கு ஒரு காரணம் இருந்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

ஒருநாள் பேச்சு, யார் எங்கிருந்து வந்தவர்கள் என்பதில் வந்து நின்றது.

“எங்கட வாப்பாட வாப்பா காயல்பட்டினத்திலிருந்து தோணியில வந்தவர்,” என்றார் தாத்தா. “யாவாரம் செய்ய வந்தவர். மொதல்ல கடையில்ல. சாரி மூட்டையத் தோள்ல போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமா நடந்து வித்தீக்கிறார். கம்பளை, புசல்லாவை, எல்லா எடமும் பெய்த்தீக்கிறார்.”

“சம்பளத்தன்னைக்கு வருவாங்க,” என்றாள் அம்மா. “துணிக்கார நானான்னு சொல்லுவோம். எங்க ஆத்தாவோட கலியாணச் சேலகூட அப்படி வந்ததுதானாம். எங்கள துறையூர்ப் பக்கமிருந்து கூட்டியாந்தாங்க. மன்னார்ல எறக்கி, காட்டு வழியா நடத்தியே கூட்டியாந்தாங்களாம்.”

இருவரும் ஒரே கடலைத் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள். ஒருவேளை ஒரே பஞ்சமே இருவரையும் விரட்டியிருக்கலாம். ஆனால் தாத்தா ‘வந்தவர்’ என்கிறார், அம்மா ‘கூட்டியாந்தாங்க’ என்கிறாள். தொழில் புத்தி எனக்கு. நாள் முழுக்கச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவள். இந்த இரண்டு வினைச்சொற்களையும் அன்று இரவு படுக்கையில் புரட்டிக்கொண்டே கிடந்தேன்.

வந்தவருக்கு மூட்டை கடையாயிற்று. கடை நகரத்துக்கு நகர்ந்தது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு மேல் மாடி, மாடியை வாடகைக்கு எடுக்க நான். மூன்று தலைமுறையில் அவர் பேரப்பிள்ளைகளில் ஒரு டாக்டரும் இருக்கிறாள். கூட்டி வரப்பட்டவர்கள் காட்டை வெட்டினார்கள், செடி நட்டார்கள், அதே செடியை அவர்களின் பேரப்பிள்ளைகளும் பறித்தார்கள். நின்ற மண்ணில் ஒரு சாண் அவர்களுடையது ஆகவில்லை. லயத்திலிருந்து வெளியேறிய பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், பணக்கார வீடுகளில் சமைக்கிறார்கள். என்னைப் போல் ஒன்றிரண்டு பேர் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் சம்பள நாட்கள்தான் இந்த வீட்டுக்கு அத்திவாரம் என்று ஒரு காய்ச்சல் எனக்குள் எழும்பியது. பிறகு, மழையில் மூட்டையோடு மலையேறிய அந்த மனிதரை நினைத்துப் பார்த்தேன். அவரைத் துரையின் பங்களாப் பக்கம் விட்டிருக்கவா போகிறார்கள்? அவரோடு எனக்கென்ன சண்டை என்று திரும்பிப் படுத்துவிட்டேன்.

எல்லாம் இத்தனை நேராக இருந்திருந்தால் நானும் ஒரு கட்டுரை எழுதிப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். குழப்பியது ஒரு பைதான்.

கூடத்துக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நீலப் பயணப் பை இருக்கும். அம்மா கண் கட்டோடு நடக்கும்போது ஒருநாள் அதில் தடுக்கிவிட்டாள்.

“எங்க பயணம்?” என்று கேட்டாள்.

“எங்கயும் இல்ல. சும்மா ஈக்கட்டும்,” என்றார் தாத்தா.

அம்மா விடுகிற ஆளா? கிண்டிக் கிண்டிக் கேட்டாள். தாத்தா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால், கண்டியைச் சுற்றிக் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த அந்த வாரம், லைட்டை அணைத்துவிட்டு இந்தக் கூடத்தில்தான் நிலத்தில் உட்கார்ந்திருந்தாராம். அப்போது கட்டிய பை. வீட்டு உறுதிப் பத்திரம், மருந்து, இரண்டு உடுப்பு, மகன்மாரின் சின்ன வயதுப் படம். நிலைமை அடங்கிய பிறகும் அவிழ்க்க மனம் வரவில்லை. மருந்தை மட்டும் திகதி பார்த்து மாற்றி வைப்பாராம்.

“ரோட்டுல கொஞ்சம் சத்தம் கூடக் கேட்டா என்ட கண் அந்தப் பையிலதான் போகும்,” என்றார்.

அம்மா கையால் தடவி அந்தப் பையை நேராக வைத்தாள். பிறகு, “சொந்த வீட்டுல இருந்துக்கிட்டு மூட்ட கட்டி வச்சிருக்கீங்களே தாத்தா,” என்றாள். அந்தச் சொல்லை அவள் தடுமாறாமல் சொன்னது அன்றுதான். “நாங்களும் ஒருக்கா கட்டுனோம். இந்தியாவுக்கு அனுப்புன காலத்துல. எங்க சின்னம்மா குடும்பத்தக் கண்டி ஸ்டேஷன்ல கோச்சி ஏத்திவிட வந்தோம். என்கூட நின்ன புள்ளைங்கல்லாம் ஏறிப் போயிருச்சு. கத்திக் கத்தி அழுதோம். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனி நான் எதுலயும் ஏற மாட்டேன்னு.”

அதை என்னிடம் சொல்வது போல் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது.

கண் கட்டை அவிழ்த்துச் சில நாட்களில் புசல்லாவையிலிருந்து போன் வந்தது. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா. கணக்குப்பிள்ளை விசாரிக்கிறாராம். புதிதாகக் கலியாணம் முடித்த ஜோடி ஒன்று காம்பரா கேட்டு நிற்கிறதாம். இந்த வாரத்துக்குள் பெரட்டுக்கு வந்து நிற்காவிட்டால் அம்மாவின் பேரை வெட்டிவிடுவார்களாம். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்.

வெட்டட்டும் என்றுதான் நான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

அம்மா அதற்குள் சேலைகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

“கண்ணு போயிரும்மா. டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு.”

“அந்த ஒத்தக் காம்பராவுக்காகவா? மழ பேஞ்சா உள்ள சட்டி வைக்கணும். அதுக்காகவா?” கத்திவிட்டேன். கீழே தாத்தாவுக்குக் கேட்டிருக்கும். “இங்க என்ன கொறைச்சல்? நான் இருக்கேன். தாத்தா இருக்காங்க. எனக்கு யாருமா இருக்கா?”

அம்மா மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“இது யாரு வீடு?” என்று கேட்டாள்.

“தாத்தா வீடு.”

“அந்தம்மா நாளைக்கே மகன்கிட்ட போறேன்னா, நீயும் நானும் எங்கடி போறது? ஒனக்குப் புருசன் வீடும் இல்ல. ஆத்தா வீடாவது இருக்க வேணாமா? தீவாளிக்குப் போறதுக்கு ஒரு எடம் வேணாமா? எனக்காகவா நான் கூடையத் தூக்குறேன்?”

  போய்த் தேங்காய் திருவினேன்.

மறுநாள் கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினோம். வீட்டிலிருந்து கிளம்பும்போது தாத்தா வாசல்வரை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கொஞ்ச நாள் இருந்து பாருங்களேன்,” என்றார். அம்மா, “நீங்க ஒருக்கா லயத்துக்கு வாங்க தாத்தா, துணிக்கார நானா வீட்டு ஆளுன்னு சொல்லிச் சோறு போடுறோம்,” என்றாள். கம்பளை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அம்மா கண்ணாடி யன்னலைத் திறக்கச் சொன்னாள். தூசி வரும் என்றேன். “இது நம்ம தூசிதானே,” என்றாள்.

அடுத்த நாள் காலை, டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சேலை நனையாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். சினிமாவில் நடிக்கப் போறியா என்று பெண்கள் கிண்டலடித்தார்கள். கணக்குப்பிள்ளை நல்ல மனிதர். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சரி, நில்லு” என்றார். அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்த சிரிப்பு, நான் பல்கலைக்கழகம் கிடைத்தது என்று சொன்ன நாளில்கூட அவள் சிரிக்காத சிரிப்பு. எனக்குக் கோபமாக வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த மனிதர், காற்று கண்ணில் அடிக்கிறதாக்கும் என்று நினைத்து யன்னலை இழுத்து மூடிவிட்டார். நன்றி சொன்னேன்.

அதன் பிறகு தாத்தா கூடத்தில் பிளேன்டீ போடுவதை நிறுத்திக்கொண்டார். நான் போனால் கதைப்பார். ஆனால் கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் பேச்சு வற்றிவிடும். நான் அவருக்கு வாடகைக்கு இருக்கிற பெண், அவர் எனக்கு வீட்டுக்காரம்மா. அதைத் தாண்டிப் பழக எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நடுவில் அம்மா ஒருத்தி தேவைப்பட்டாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒருநாள் அவரே மேலே ஏறி வந்தார். அதற்கு முன்னால் அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கக் கதிரையில் உட்கார்ந்தார்.

“மகள், சின்ன மகன் தெஹிவளைக்கு வரச் செல்லிக்கொண்டே ஈக்கிறான். நானும் ஏலா ஏலாண்டு இழுத்துக்கொண்டு வந்த. இப்ப ஊட்ட வித்துட்டுப் போகப் போறன். வாங்குற ஆக்கள் கீழ மேல எல்லாத்தையும் ஒடைச்சுக் கட்டப் போறாங்களாம். மூணு மாசத்துக்குள்ள நீங்க ஒரு எடம் பாத்துக்கொள்ளோணும்.”

சரி என்றேன். 

எழும்பிக் கதவுவரை போனவர் நின்றார். “உங்கட உம்மா இங்க ஈந்திருந்தா நானும் ஈந்திருப்பன்,” என்றார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. இருந்தாலும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உறுதி வைத்திருந்தவர் கிளம்புகிறார், உறுதி இல்லாதவள் அசைய மாட்டேன் என்கிறாள். நடுவில் நான் ஒருத்தி, போக மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் எனக்கென்று ஒரு இடம் இல்லாமல் நின்றேன்.

தாத்தா போன அன்று லொறியில் கட்டில், அலுமாரி எல்லாம் ஏற்றினார்கள். நீலப் பையை வெறுமையாக்கி என்னிடம் கொடுத்தார். “எனக்கு இனித் தேவப்படாது. நீங்க சாமான் கட்டுறத்துக்கு எடுங்க,” என்றார். பிறகு என் தலையில் கை வைத்து ஏதோ ஓதினார். லொறி மஹியாவைப் பக்கம் திரும்பும்வரை வாசல் படலையில் நின்றேன்.

இப்போது வார இறுதிகளில் அறை தேடி அலைகிறேன். குண்டசாலையில் ஒரு இடம் பார்த்தேன். தனியாக இருக்கிற பொம்பளைக்குக் கொடுக்க மாட்டார்களாம். இன்னொரு வீட்டில் என் ஊர் எது என்று கேட்டார்கள். புசல்லாவை என்றேன். டவுனா தோட்டமா என்று அடுத்த கேள்வி. தோட்டம் என்றதும், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இதெதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, இன்னும் இறுக்கமாக அந்தக் கூடையைக் கட்டிக்கொள்வாள்.

அவளும் என்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் சொன்னாள். அம்மாவுக்கு இப்போது கொழுந்து எது முற்றல் எது என்று சரியாகப் பிடிபடவில்லையாம். கை தடவித் தடவித்தான் பறிக்கிறாளாம். மற்றப் பெண்கள் தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டும் நிறைக்குப் போதவில்லையாம். போய்ச் சேர்ந்த மாதத்திலிருந்தே அநேகமாக எல்லா நாளும் அரைப் பேர்தானாம். “நான் சொன்னேன்னு சொல்லிப்புடாத. அவ தாங்க மாட்டா,” என்றாள் அக்கா.

நேற்று அறை பார்க்கப் போய் அலுத்துத் திரும்பி, மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“இன்னைக்குப் பேரு போட்டாங்களா?”

“போட்டாங்கம்மா. முழுப் பேரு. ஒனக்கு?”

“எனக்கென்னடி. எப்பவும் முழுப் பேருதான்.”

 அங்கே யார் வீட்டிலோ டீவி ஓடுவது கேட்டது.

“தாத்தா சொகமா இருக்காங்களா?”

கீழே கூடம் காலியாகக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் பை இருந்த இடத்தில் நிலம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது.

“இருக்காங்கம்மா,” என்றேன். “இப்பதான் டீ குடிச்சோம். ஒன்னைய கேட்டாங்க.”